அத்தானுக்கு ஒரு சந்தர்ப்பம்

எங்கள் அத்தான் தில்லைநாயகம் பேச ஆரம்பித்தால் எழுந்திருக்க மனசு வராது. திருநெல்வேலி டவுனில் அவருடைய பாத்திரக்கடைக்குக் குத்துவிளக்கு வாங்க வருகிறவர்கள், விளக்கை மடியில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் அவர் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். பஸ்ஸைத் தவறவிட்டவர்கள்கூட உண்டு. அவர்களும் சிரித்துக்கொண்டேதான் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார்கள். இதை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள் ஐயா. நான் அவரைப் பற்றிக் குறையாக எதுவும் சொல்ல வரவில்லை.

என் பெயர் கோமதிசங்கர். வயது நாற்பத்தொன்று. காயல்பட்டினத்தில் பதிமூன்று வருஷமாகப் பௌதிக வாத்தியார். அத்தான் என் அக்கா பிரம்மநாயகியின் வீட்டுக்காரர். டவுனில் பிறந்து வளர்ந்த எனக்குத் தண்ணீர் என்றால் தாமிரபரணியில் குறுக்குத்துறைப் படித்துறைதான். வேலைக்கு வந்தபிறகுதான் கடல் பிடித்துப்போயிற்று. அடுத்த தெரு நூர்முகம்மது காக்கா, அண்ணனை அங்கே காக்கா என்பார்கள், கொழும்புக்குப் போகும் தோணிகளில் முப்பது வருஷம் இருந்தவர். தன்னுடைய பழைய சின்ன வள்ளத்தை எனக்குக் கொடுத்து, பாய் ஏற்றவும் இறக்கவும் சொல்லித் தந்தார். அருமையான வாத்தியார். தப்பாக முடிச்சுப் போட்டால் திட்டமாட்டார். அவிழ்த்துக் கயிற்றை மறுபடி கையில் கொடுத்துவிடுவார்.

தொண்ணூற்று மூன்றில் தசரா பத்தாம் நாள் அத்தான் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். குலசேகரன்பட்டினத்துக்கு பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போக வேண்டாம், வள்ளத்திலேயே போய்விடலாம் என்று நான்தான் சொன்னேன். சலவை வேட்டியும் கூலிங்கிளாஸுமாக வந்து ஏறினார். தலைக்கு ஒரு துண்டு. பார்க்க ஜோராக இருந்தார்.

காலை ஒன்பது மணிக்கு, வலது கைப்பக்கம் திருச்செந்தூர்க் கோபுரம் தெரிந்துகொண்டிருந்தபோது, கரையிலிருந்து காற்று ஒரு குத்துக் குத்தியது. பாய்மரம் முறிந்து பாயோடு கடலில் விழுந்தது.

மரம் முறிவது பெரிய ஆபத்து இல்லை ஐயா. முறிந்த மரம் படகை விட்டுப் போகாததுதான் ஆபத்து. மரத்தைப் பிடித்து நிறுத்தும் பக்கக் கயிறுகள் அறுந்துபோகாது. மரம் தண்ணீரில் கிடக்கும், கயிறு அதைப் படகோடு கட்டிப்போட்டிருக்கும், ஒவ்வொரு அலைக்கும் அது வந்து பலகையில் இடிக்கும். நூறு இடி தாங்காது பழைய வள்ளம். அதனால் கயிறுகளை வெட்டி மரத்தைத் தள்ளிவிட வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் வெட்டிவிட்டால் கரைக்கு வர ஒன்றும் இருக்காது. பாயைத் தூக்கிக் கட்டுகிற நீளக் கழி இருக்கிறதே, பருமல் என்போம், அதையும் பாயில் பாதியையும் முதலில் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். பருமலை, முறிந்து நிற்கிற மரத்தின் அடிக்கட்டையோடு சேர்த்து நிமிர்த்திக் கட்டி, முன்னால் ஒரு கயிறு, இரண்டு பக்கமும் இரண்டு கயிறு. அதில் பாதிப் பாய். மத்தியானத்துக்கு மேல் கடலிலிருந்து காற்று திரும்பும்போது அது போதும்.

இதையெல்லாம் நான் செய்தேன். தனியாகச் செய்தேன். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்துவிட்டது. அத்தான் வள்ளத்தின் அடியில் தண்ணீர்க் கேனைக் கட்டிப்பிடித்துப் படுத்திருந்தார். "முருகா, செந்தூரா, மொட்டை போடுதேன், மொட்டை போடுதேன்" என்று சொல்லிக்கொண்டே வாந்தி எடுத்தார். கூலிங்கிளாஸ் மட்டும் கழற்றவில்லை.

சாயங்காலம் நாலரை மணிக்குக் குலசேகரன்பட்டினம் கரை ஏறினோம். அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கடற்கரை முழுக்க அம்மனுக்கு நேர்ந்து தசரா வேஷம் கட்டியவர்கள். அரைப்பாயோடு நொண்டி நொண்டி வருகிற வள்ளத்தைப் பார்த்துவிட்டு நாலைந்து காளி, ஒரு அனுமார், இரண்டு போலீஸ் வேஷம், ஒரு கரடி எல்லோரும் தண்ணீருக்குள் ஓடிவந்து பிடித்து இழுத்தார்கள். ஒரு காளிக்கு எட்டுக் கைகளில் ஆறு அட்டைக் கைகளும் நனைந்து தொங்கிவிட்டன. பாவம், அவர் அதைப் பற்றிக் கவலையேபடவில்லை. "மரம் முறிஞ்சு போயும் கொண்டாந்து சேத்திருக்கீயளே. யாருவே ஓட்டுனது?" என்று கேட்டார்.

நான் அப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். வாயில் தண்ணீர் இருந்தால் பேச முடியாது. அத்தான் எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார்.

"வே, காத்துன்னா அப்பிடி ஒரு காத்து" என்று ஆரம்பித்தார்.

நானும் உட்கார்ந்து கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்கு அவர் "நாங்க" என்றுதான் சொன்னார். தீபாவளிக்கு டவுனுக்குப் போயிருந்தபோது "நான்" என்று ஆகியிருந்தது. பொங்கலுக்குக் கத்தி ஒன்று வந்தது. கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு கடலில் குதித்து, முறிந்த மரத்துக்கு அடியில் நீந்திப்போய்க் கயிறுகளை அறுத்தாராம். அத்தானுக்கு நீச்சல் தெரியாது ஐயா. தாமிரபரணியில் மூன்றாம் படிக்குக் கீழே இறங்கமாட்டார். செம்பில் மொண்டுதான் ஊற்றிக்கொள்வார். அது அக்காவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஆனால் அவர் சொல்லும்போது எங்கள் இரண்டு பேருக்குமே மறந்துபோகும். அப்படி ஒரு வாய்.

அடுத்த வருஷம் நான் கதைக்குள் வேறுமாதிரி வர ஆரம்பித்தேன். தண்ணீர்க் கேனைக் கட்டிக்கொண்டு அழுதவன் நான். மொட்டை போடுகிறேன் என்று நேர்ந்துகொண்டவனும் நான். இதை அக்கா உண்மையென்றே நம்பிவிட்டாள். "சாமிக்கு நேந்துகிட்டதைச் செய்யாம இருக்கலாமாலே, குடும்பத்துக்கு ஆகாது" என்று மூன்று மாதம் கடிதம் மேல் கடிதம். சரி, ஒருவருக்கு நேர்ச்சை தீர்ந்தால் நல்லதுதானே என்று திருச்செந்தூர் போய் மொட்டை போட்டுக்கொண்டேன். அத்தானும் கூட வந்து, எனக்குச் சந்தனம் பூசிவிட்டார். வகுப்பில் பையன்கள் இரண்டு நாள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முடி வளர்ந்துவிட்டது.

டவுனில் ஏதோ ஒரு வியாபாரிகள் கூட்டத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன். நடுவில் அவருக்குத் தொண்டை கட்டியது, ஓடிப்போய் சோடா வாங்கிவந்து கொடுத்தேன். எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது என்று யாராவது சொன்னால் அது சரியில்லை.

தொண்ணூற்றேழு ஜூலையில் என் மகள் சித்ரலேகா கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு வாங்கினாள். ஒன்பதாம் வகுப்பு. தலைப்பு, எங்கள் குடும்பத்தில் ஒரு வீரர். மாமாவைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதியிருந்தாள். காற்று, அலை, கத்தி எல்லாம் இருந்தது. ஆறாம் பக்கத்தில் ஒரு வரி: "படகில் என் அப்பாவும் இருந்தார்." நான் சிவப்புப் பேனாவை எடுத்து, ரகர றகரப் பிழை நாலு இடத்தில் திருத்திக் கொடுத்தேன். "மத்ததெல்லாம் சரியாப்பா?" என்று கேட்டாள். சரிதான் என்றேன். என் மனைவி விஜயஸ்ரீ அன்றைக்குப் பாயசம் வைத்திருந்தாள். இரண்டு டம்ளர் குடித்தேன்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. நான்கு வருஷமாக ஒரு மனிதர் ஒரு காரியத்தைச் செய்ததாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். எந்தக் கயிற்றை முதலில் வெட்டுவது, பருமலை எப்படி நிமிர்த்துவது, எல்லாம் வரிசையாக, பிசகாமல் சொல்கிறார். அன்றைக்கு வள்ளத்தில் வரும்போது நான் விளக்கிச் சொன்னதைத்தான் அவர் மனப்பாடம் பண்ணியிருக்கிறார், ஆனாலும் மனப்பாடம் மனப்பாடம்தானே. அப்படிப்பட்டவருக்கு அதைச் செய்துபார்க்க ஒரு சந்தர்ப்பம் கொடுத்தால் என்ன? செய்துவிட்டால் கதை உண்மையாகிவிடும். என் மகளின் கட்டுரையும் உண்மையாகிவிடும். யாருக்கும் நஷ்டமில்லை. வாத்தியாராக யோசித்துப் பார்த்தால் உங்களுக்குப் புரியும். எழுத்துப் பரீட்சைக்கு அப்புறம் செய்முறைத் தேர்வு வைப்பதில்லையா?

அத்தான் லேசில் வரமாட்டார் என்று தெரியும். ராதாபுரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் முப்பது பேர் சுற்றியிருக்க அத்தான் கதையை முடித்து மூச்சு விட்டபோது நான் கேட்டேன்.

"அத்தான், மறுபடி ஒரு தடவை போவோமா? நீங்க இருந்தா எனக்குப் பயம் இல்லை."

அவர் இலையைப் பார்த்தார். சாம்பாரைப் பார்த்தார். "கடையை யாரு பாக்கது?" என்றார். "அண்ணாச்சி, போங்கண்ணாச்சி" என்று நாலு பக்கமும் சத்தம். ஒருத்தர் போட்டோ எடுக்கவே கூட வருகிறேன் என்றார், அவரைப் பிறகு நான் பேசி நிறுத்திவிட்டேன். அத்தான் நெஞ்சை நிமிர்த்தி, "வாரேம்லே, ஆவணியில வாரேன்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பாய்மரத்தில் குறுக்குப் பலகைக்குக் கொஞ்சம் மேலே உபரிக் கயிறு சுற்றி வைத்திருப்பேன். அதை அவிழ்த்துவிட்டு, வீட்டு ரம்பத்தால் மரத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு அறுத்தேன். மெழுகு நிரப்பி, மீன் எண்ணெய் தடவி, கயிற்றை மறுபடி சுற்றினேன். முழுக்க அறுக்கவில்லை, அதைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். முறிக்க வேண்டியது காற்று. நான் கணக்குப் போட்டுக் காற்றுக்குக் கொஞ்சம் சுலபமாக்கினேன், அவ்வளவுதான். அந்தக் கணக்கு ரொம்ப அழகாக வந்தது. பத்தாம் வகுப்புக்கே போட்டுக் காட்டலாம்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா இரண்டு பேருக்கும் புளியோதரை கட்டிக் கொடுத்திருந்தாள். தனித்தனி வாழையிலைப் பொட்டலம், தேங்காய்த் துவையல் வேறு. புறப்படும்போது நூர்முகம்மது காக்கா கரையில் நின்றிருந்தார். அத்தான் முகத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, மச்சானுக்கு முகம் வெளுத்திருக்கே, இன்னொரு நாளைக்குப் போங்களேன்" என்றார். அத்தான் சிரித்து, "நமக்கா காக்கா?" என்றார். அந்த வார்த்தையை நான் மறுக்கவில்லை.

ஒரு மணி நேரம் நல்ல பயணம். அத்தானுக்குக்கூடத் தைரியம் வந்து, ஒரு பாட்டை முணுமுணுத்தார். பிறகு காற்று ஏறியது, மரம் முறிய வேண்டிய இடத்தில் முறிந்தது. யார் தலையிலும் விழாமல், இடது பக்கம், கடலில். என் கணக்கில் அப்படித்தான் இருந்தது.

அத்தான் அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். நான் பருமலையும் பாதிப் பாயையும் மட்டும் உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு, சுக்கான் பக்கத்தில் உட்கார்ந்து, இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"என்னலே?"

"கத்தி அத்தான். முதல்ல எதை வெட்டணும், சொல்லுங்க."

"ஏலே சங்கரு, வெளையாடாதல. எந்திரிச்சு ஏதாச்சும் பண்ணுல."

"பண்ணுவேன் அத்தான். அன்னைக்கு நீங்க பண்ணுனதை எனக்கு ஒரு தடவை காட்டுங்க. அவசரம் இல்லை, பைய பண்ணுங்க."

மரம் வந்து பலகையில் இடித்தது. அவர் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். புத்திசாலி மனுஷர், புரிந்துகொண்டார். கை கூப்பி, "நான் ஒண்ணும் பண்ணலலே. எல்லாம் நீதான் பண்ணுன. கரைக்குப் போனதும் ஊரறியச் சொல்லுதேன். பிள்ளைகிட்ட நானே சொல்லுதேன்" என்றார்.

மறைக்காமல் சொல்கிறேன், அது எனக்குப் பிடித்திருந்தது. காதுக்கு இதமாக இருந்தது. அங்கே இன்னும் இரண்டு பேர் இருந்து அதைக் கேட்டிருந்தால் நான் எழுந்து வேலையைப் பார்த்திருப்பேன். ஆனால் நாங்கள் இரண்டு பேர்தான். அத்தானை எனக்குத் தெரியும். கரைக்குப் போனால் யாராவது ஒருத்தர் "யாரு ஓட்டுனது" என்று கேட்பார், இவர் வேட்டியை உதறிக் கட்டுவார்.

"மூணு கயிறு இருக்கு அத்தான்" என்றேன். "இடி பலமா இருக்கு. சீக்கிரம் வெட்டுனா நல்லது."

அவர் எழுந்தார். அதற்கு நான் மரியாதை கொடுக்கிறேன். ஓரத்துக்குப் போய், குனிந்து ஒரு கயிற்றை அறுத்தார். சரியான கயிறு. இரண்டாவதையும் அறுத்தார். "நல்லாப் பண்ணுதீங்க" என்று சொன்னேன், மனசாரச் சொன்னேன். மூன்றாவதற்குக் கை நீட்டியபோது வள்ளம் உருண்டது, அவர் தலைகுப்புறப் போய்விட்டார். கத்தி வள்ளத்துக்குள் விழுந்தது.

முங்கி எழுந்து, மிதந்துகொண்டிருந்த மரத்தைப் பிடித்துக்கொண்டார். எட்டடி தூரம் இருக்கும். மரத்துக்கும் வள்ளத்துக்கும் நடுவில் இன்னும் ஒரு கயிறு இருந்தது. அதைப் பிடித்து இழுத்தால் மரமும் வரும், அவரும் வருவார். அப்போதுதான் அவர் என்னைக் கூப்பிட்டார். சங்கரு இல்லை, "கோமதிசங்கர், கோமதிசங்கர்" என்று, பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடுவதுபோல முழுப்பெயர் சொல்லி. இரண்டு மூன்று தடவை கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு கத்தியை எடுத்துக் கயிற்றை வெட்டினேன். மரம் படகை இடித்துக்கொண்டிருந்தது ஐயா. அந்த நேரத்தில் கடலில் அதுதான் முறை, நூர்முகம்மது காக்காவைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்.

வள்ளம் காற்றுக்கு வேகமாக நகரும், தண்ணீரில் கிடக்கும் மரம் அவ்வளவு வேகமாக நகராது. எட்டடி இருபதடி ஆனது, நூறடி ஆனது. கையை ஆட்டினார். துடுப்பு இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது, இரண்டு. அவர் ஒன்றரை மணி நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். உண்மையாகவே தைரியசாலிதான் என்று அப்போது தோன்றியது.

அதற்குப் பிறகு பருமலை நிமிர்த்திக் கட்டினேன். போன தடவையைவிட நேர்த்தியாக வந்தது. உள்ளங்கையில் ஒரு கீறல் இல்லை. காற்று திரும்ப நேரம் இருந்தது, பசித்தது, பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டேன். அக்கா கைப் புளியோதரைக்கு ஈடு கிடையாது. அவர் பொட்டலத்தையும் சாப்பிட்டேன், வெயிலில் கெட்டுப்போகுமே.

கரையில் நூர்முகம்மது காக்கா அடிக்கட்டையைத் தடவிப் பார்த்தார். "முறிஞ்ச மரம் நார்நாராத்தான் வரும் தம்பி" என்றார். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அது ஒன்றுதான் எனக்கு வருத்தம்.

அத்தான் நாலாம் நாள் மணப்பாடு பக்கம் ஒதுங்கினார். கேட்டவர்களுக்கெல்லாம் நான் பொய் சொல்லவில்லை. மரம் முறிந்தது, அத்தான் கயிறு வெட்டினார், தவறி விழுந்தார், நான் பருமலைக் கட்டிக்கொண்டு வந்தேன். இவ்வளவுதான் சொன்னேன். மீதியை டவுன்காரர்கள் சேர்த்துக்கொண்டார்கள். பதினாறாம் நாள் விசேஷத்துக்கு நோட்டீஸ் அடித்திருந்தார்கள். மைத்துனர் உயிரைக் காக்கத் தன் உயிரைத் தந்த கடல் வீரர். கூலிங்கிளாஸ் போட்ட படம். முன்னூறு பேர் சாப்பிட்டார்கள். வந்தவர்களெல்லாம் படத்தைக் கும்பிட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர், "ஒன்னையக் காப்பாத்தப் போயில்லா போயிட்டாரு" என்று என் தோளைத் தட்டினார். அக்கா என் தலையைத் தடவி, "அவுக குடுத்த உசுருலே இது, பத்திரமா வச்சுக்க" என்று சொல்லி அழுதாள். அக்காவுக்குக் கஷ்டம்தான். என் நாற்பத்தாறு வயதுவரை அவள் அழுது நான் பார்த்ததில்லை... மன்னியுங்கள், நாற்பத்தாறு அவளுக்கு, எனக்கு நாற்பத்தொன்று. அந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறுகிறது. விட்டுவிடுங்கள்.

மறுநாள் காலை இங்கே ஸ்டேஷனுக்கு வந்தேன். நீங்கள் நம்பவில்லை. துக்கத்தில் புத்தி கலங்கியிருக்கிறது, வீட்டுக்குப் போங்கள் என்றீர்கள். அத்தான் சொன்ன கதையை நீங்களே ஒரு கல்யாணத்தில் கேட்டு ரசித்ததாகவும் சொன்னீர்கள். அதனால்தான் திரும்பிப் போய் அடிக்கட்டையைப் பெயர்த்துச் சாக்கில் சுற்றிக்கொண்டுவந்து உங்கள் மேஜைமேல் வைத்தேன். ரம்பம் போன இடம் மழமழவென்று இருப்பதை நீங்களே விரலால் தொட்டுப் பார்த்தீர்கள். அப்புறம்தான் எனக்கு டீ சொன்னீர்கள்.

ஆமாம் ஐயா, நான்தான் செய்தேன். இரண்டு தடவையும் நான்தான் செய்தேன். என்ன தண்டனை என்பது உங்கள் பாடு, நான் அதைப் பற்றிப் பேச வரவில்லை. நடந்தது நடந்தபடி ஓரிடத்திலாவது எழுத்தில் இருக்க வேண்டும், அதுதான்.

ரைட்டர் அண்ணாச்சி பொறுமையாக வாசித்துக் காட்டினார். நல்ல உச்சரிப்பு. ஒரே ஒரு இடம் மட்டும். மரம் அடியிலிருந்து இரண்டரை முழத்தில் முறிந்ததாக எழுதியிருக்கிறார். இரண்டு முழம். அதை அடித்துத் திருத்திவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். மற்றபடி இதில் தப்பு ஒன்றும் இல்லை.